பெயர் சொல்லாத விருந்து



என் தங்கைக்குத் திருமணமாகிப் பதினோராம் ஆண்டில் பிறந்த ஒரே மகள், சென்ற தை மாதத்தில் ஐந்து வயதை நிறைவு செய்தாள். பிள்ளையின் வாப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவள் பிறந்தபோதும் அவர் ஊரில் இல்லை. மருத்துவமனையில் அவள் காதில் பாங்கு சொன்னவன் நான்தான். அதன்பின் வந்த நான்கு பிறந்த நாள்களிலும் அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஐந்தாவதற்கும் கிடைக்கவில்லை என்று உறுதியானதும் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“மச்சான், புள்ளைக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. நாப்பதாயிரம் அனுப்புறேன். வீட்டுல வச்சா வீண் ஆடம்பரம்னு நீங்க சொல்லுவீங்க. அதனால நம்ம யதீம்கானாவுலயே வச்சிருவோம். கேக், பிரியாணி, பலூன் எல்லாம். யதீம் புள்ளைங்களும் சாப்பிட்ட மாதிரி இருக்கும், நன்மையும் கிடைக்கும். வீடியோவுல நானும் பார்த்துக்குவேன்.”

அவர் நல்ல மனிதர். மகளை நேரில் பார்க்க இயலாத தந்தையின் ஏக்கம் அந்தக் குரலில் தெரிந்தது. “இன்ஷா அல்லாஹ், யோசித்துச் சொல்கிறேன்” என்று மட்டும் கூறி வைத்துவிட்டேன்.

பிறந்த நாள் கொண்டாட்டம் பற்றிய மார்க்க விளக்கத்தை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. நபி (ஸல்) அவர்களோ ஸஹாபாக்களோ ஆண்டுதோறும் பிறந்த நாள் விழா எடுத்ததில்லை. பிள்ளை பிறந்தால் ஏழாம் நாள் அகீகா கொடுத்து, முடி இறக்கி, பெயர் சூட்டுவதுதான் நமக்குக் காட்டித் தரப்பட்ட வழி. ஆலிம்களில் பலர் இதனைக் கூடாது என்கின்றனர். வணக்கமாகக் கருதாத வரையில் உலக வழக்கம்தானே என்று கூறுவோரும் உள்ளனர். நான் முன்னவர்களின் கருத்தை ஏற்று, அதையே மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருபவன். ஆயினும் என்னைத் தயங்க வைத்தது அந்தச் சட்டப் பிரச்சினை அன்று. ‘யதீம்கானாவில் வைப்போம்’ என்ற அந்தச் சொல்தான்.

என் வாப்பா வஃபாத்தானபோது எனக்கு எட்டு வயது. தங்கை ஐந்து மாதக் கைக்குழந்தை. உம்மாவால் இருவரையும் வளர்க்க இயலாத நிலையில், வெளியூரில் இருந்த ஒரு யதீம்கானாவில் என்னைச் சேர்த்தார்கள். ஓதவும் படிக்கவும் அங்கேதான் கற்றேன். இன்று நான் உண்ணும் உணவில் அந்த இடத்தின் உப்பு இருக்கிறது. அதனை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன்.

அங்கே சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய கார் ஒன்றில் ஒரு குடும்பத்தார் வந்தனர். எங்களை உயர வரிசைப்படி நிறுத்தி வைத்தார்கள். துவைத்த வெள்ளை ஜிப்பா, தலையில் தொப்பி. எப்போது கைதட்ட வேண்டும் என்று முன்பே சொல்லித் தந்திருந்தார்கள். நடுவில் மேசை, மேசையின் மேல் கேக். என் வயதேயுள்ள ஒரு சிறுவன் மினுமினுக்கும் சட்டை அணிந்து நின்றான். மேசை உயரமாக இருந்ததால் அவனுடைய வாப்பா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டார். அவன் கேக் வெட்டினான். நாங்கள் கைதட்டினோம்.

எல்லாரும் கேக்கைப் பார்த்தனர். நான் அவனைத் தூக்கியிருந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரியாணி ருசியாகத்தான் இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டேன். உணவுக்குப் பின் அந்தச் சிறுவனின் பெயரைச் சொல்லி ஹஜ்ரத் துஆ ஓத, நாங்கள் ஆமீன் சொன்னோம். வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர்; எங்களை அன்போடுதான் நடத்தினார்கள். ஆனால் அவர்கள் விடைபெற்ற பின் வெகுநேரம் எங்கள் அறையில் யாரும் யாரோடும் பேசவில்லை. அதன் பிறகு ஆண்டுக்கு எட்டு, பத்து பிறந்த நாள்களுக்காவது கைதட்டியிருப்பேன். என் பிறந்த நாள் எது என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

இதனை நான் முப்பத்தெட்டு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. இம்முறை தங்கையிடம் சொல்ல வேண்டியதாயிற்று. ஏனெனில், என் தயக்கத்தை அவள் வேறு விதமாகப் புரிந்துகொண்டாள்.

“மார்க்கம் மார்க்கம்னு எல்லாத்தையும் தடுக்குறீங்க காக்கா. பதினோரு வருசம் அழுது கேட்டுப் பெத்த புள்ள. அவ வாப்பாவுக்கு இது ஒண்ணுதானே ஆசை?” என்று கண்கலங்கினாள்.

சொன்னேன். கேட்டு முடித்த பின் நெடுநேரம் அவள் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “காக்காவுக்கு அங்க மூணு வேளை சோறுன்னு உம்மா சொல்லுவாங்க. நாங்க கஞ்சி குடிக்கிறப்ப எல்லாம் உங்கள நெனச்சு எனக்குப் பொறாமையா இருக்கும்.”

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு முடிந்ததும் இருவரும் அழுதோம்.

யதீமை அடக்கி ஒடுக்கலாகாது என்று அல்லாஹ் ‘ளுஹா’ அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். அந்தக் கட்டளை இறங்கியது யாருக்கு? பிறக்கும் முன்பே தந்தையையும் ஆறு வயதில் தாயையும் இழந்த நபி (ஸல்) அவர்களுக்கு. அடக்குதல் என்பது அடிப்பதும் சொத்தைப் பறிப்பதும் மட்டும்தானா? தந்தை இல்லாத முப்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தந்தையின் செல்லத்தில் திளைக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்துக் கைதட்டச் சொல்வதும் ஒரு விதத்தில் அதுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘தஹ்ர்’ அத்தியாயத்தில் ஏழைக்கும் யதீமுக்கும் கைதிக்கும் உணவளிக்கும் நல்லடியார்களைப் பற்றி அல்லாஹ் கூறும்போது, அவர்கள் பதிலுக்கு நன்றியைக்கூட எதிர்பார்ப்பதில்லை என்கிறான். நாமோ நன்றியோடு கைதட்டலையும் படத்தையும் சேர்த்து எதிர்பார்க்கிறோம்.

மச்சானை அழைத்து விவரம் கூறினேன். அவரும் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின், “புள்ளைக்கு நான் மறக்கலன்னு தெரியணும் மச்சான், அது போதும். மத்ததை நீங்க பாருங்க” என்றார்.

அப்படியே திட்டமிட்டோம். பிறந்த நாளன்று விழா எதுவும் இல்லை. சுபுஹு தொழுகைக்குப் பின் மச்சான் மகளை அழைத்தார். அவள் பிறந்த இரவில் தாம் அங்கே தொழுகை விரிப்பிலேயே அமர்ந்து விடியும்வரை துஆ கேட்டதையும், செய்தி வந்ததும் அறைத் தோழர்கள் அனைவருக்கும் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்ததையும் கதையாகச் சொன்னார். பிள்ளை அந்தக் கதையை மறுபடியும் மறுபடியும் கேட்டாள். அன்றைய தினம் அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுவாரச் சனிக்கிழமை, எங்கள் ஊர் யதீம்கானாவின் இருபத்தெட்டுப் பிள்ளைகளையும், தங்கை மகளையும், உறவுப் பிள்ளைகள் நால்வரையும் மனோராவுக்கு அழைத்துச் சென்றோம். எங்கள் தஞ்சைக் கடற்கரையில் இரண்டாம் சரபோஜி மன்னர், நெப்போலியனின் தோல்வியை நினைவுகூர எழுப்பிய எட்டடுக்கு அறுகோணக் கோபுரம் அது. அருகே மர நிழல் உண்டு. பாக் நீரிணையின் கடல் என்பதால் அலை பெரிதாக இராது. ஆயினும் கடல் கடல்தான்.

சிறு பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே அழைத்துச் சென்று மகிழ்விக்க எண்ணுவோருக்குப் பயன்படும் என்பதால், நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றோம். முன்னதாக நானே ஒருமுறை சென்று, நிழல், கழிவறை, குடிநீர், தொழ இடம் ஆகியவற்றைப் பார்த்து வந்தேன். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் எழுவர் சென்றோம். எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது என்று விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்டதில், ஒருவனுக்கு இறால் ஆகாது என்று தெரிந்தது. எனவே இறால் சேர்க்கும் வாடாவை விடுத்து, நெய்ச்சோறு, தால்சா, கோழிக் குருமா, சேமியாப் பாயசம் என்று முடிவு செய்தோம். காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு, விளையாடி, லுஹர் ஜமாஅத்தாகத் தொழுது, சுடச்சுட உண்டு, சற்று இளைப்பாறி, அஸருக்கு ஊர் திரும்புவது என்று நேரத்தை அமைத்தோம். மஃரிபு வரை இழுத்தால் சிறு பிள்ளைகள் சோர்ந்து அழத் தொடங்குவர்.

இவற்றோடு எங்களுக்கென்று மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். யாரும் எதற்காக இந்த விருந்து என்று பேசக் கூடாது. எங்கள் பிள்ளைகள் புத்தாடை அணியாமல் வீட்டில் உடுத்தும் துணியிலேயே வர வேண்டும். யாரும் படம் எடுக்கக் கூடாது. மூன்றாவதுதான் கடினமாக இருந்தது. தங்கை தன் கைப்பேசியை என் பையில் போட்டுவிட்டு வந்தாள்.

பிள்ளைகள் முதலில் கோபுரத்தின் அடுக்குகளை எண்ணினர். ஏழா எட்டா என்று சண்டை மூண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான பட்டமும், மாஞ்சா தடவாத சாதாரண நூலும் கொடுத்தோம். எங்கள் சின்னவளின் பட்டம் எழும்பவே இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் அதனை வாங்கி, காற்றின் திசை பார்த்து ஓடி, மேலே ஏற்றி, நூலை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் பட்டத்தைத் தேடிப் போனான். அவள் யார் என்று அவன் கேட்கவில்லை.

திரும்பும் வேளையில் வண்டியில் ஏற்றியபோது எண்ணினோம். முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினோம். முப்பத்திரண்டுதான். அந்தப் பத்து நிமிடங்களை இப்போது நினைத்தாலும் என் கால்கள் தளர்கின்றன. ஆளுக்கொரு திசையில் ஓடினோம். கோட்டைச் சுவருக்கு மறுபுறம், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தொப்பி நிறையக் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தான். கோபித்துக்கொள்ள வாய் திறந்தேன்.

“உம்மா வெள்ளிக்கிழமை பார்க்க வருவாங்க உஸ்தாத். அவங்களுக்கு” என்றான்.

கோபம் போன இடம் தெரியவில்லை. அவனை வாரி இடுப்பில் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன். வண்டியில் ஏறும்போது மட்டுமல்லாது, இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தலை எண்ண வேண்டும் என்பது அன்று நான் கற்ற பாடம்.

வண்டி புறப்பட்டதும், விடுதியின் மூத்த மாணவன் ஒருவன் என் இருக்கைக்கு வந்தான். யாராவது உணவு கொடுத்தால் கொடுத்தவரின் பெயர் சொல்லி துஆ ஓதுவது விடுதியின் வழக்கம். இன்று பெயர் எதுவும் சொல்லப்படவில்லை என்பதை அவன் கவனித்திருக்கிறான்.

“உஸ்தாத், இன்னிக்கு யாருக்கு துஆ செய்யணும்?”

பொய் சொல்லவும் இயலாது. பெயர் சொல்லவும் விருப்பமில்லை. என் எட்டு வயதில் யாராவது எனக்கு என்ன பதில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தேன்.

“அவங்கவங்க வாப்பாவுக்கு செய்யுங்க” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குச் சென்றான். வண்டியில் சத்தம் மெல்ல அடங்கியது. கைகள் உயர்ந்தன. முன் இருக்கையில் தங்கையும் கையேந்தியிருந்தாள். வாப்பாவின் முகம் அவளுக்கு நினைவில் கிடையாது. அவள் மடியில் இருந்த சின்னவளும், வெளிநாட்டில் இருக்கும் தன் வாப்பாவுக்காகக் கையேந்தினாள். நானும் ஏந்தினேன்.

நாற்பதாயிரத்தில் வண்டி, உணவு, பட்டம் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ஆயிற்று. விடுதியில் என்ன தேவை என்று கேட்டபோது பள்ளிக் காலணிகள் என்றார்கள். இருபத்தெட்டு ஜோடிகள் வாங்கி, பயணத்துக்கு முந்தைய வாரமே பொறுப்பாளரிடம் சேர்த்துவிட்டோம். பிள்ளைகளுக்கு அவை விடுதி தந்த காலணிகள்; அவ்வளவே. எஞ்சிய சிறு தொகை அவர்களின் மருத்துவச் செலவுக்குச் சென்றது.

சகோதர சகோதரிகளே, யதீம்கானாக்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். நான் வளர்ந்ததே அந்தக் கொடையில்தான். கொடுக்கும்போது, உங்கள் பிள்ளையை அவர்களுக்கு முன்னால் நிறுத்தாமல் அவர்களுக்கு நடுவில் விடுங்கள். ஏன், எதற்கு, யாருக்காக என்று அல்லாஹ்வுக்குத் தெரிந்தால் போதும்.

நம் பிள்ளைகளுக்கும் யதீம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நல்லறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.