கதை படிச்சா பாவமா?

போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் சபையில ஒரு அண்ணன் என் பையைப் பார்த்துட்டார். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தோட ஒரு நாவல். "தம்பி, பொய்க்கதை எதுக்கு? வேதத்தை வாசி"ன்னார். பக்கத்துல நின்ன அம்மா முகம் வாடிப்போச்சு. நான் வாயைத் திறக்கல. பென்னலூர் வர்ற வரைக்கும் பஸ்ஸில அதே யோசனை.

தமிழின் முதல் நாவல்னு சொல்ற 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதின வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையோட 'இரட்சணிய யாத்திரிகம்' (1894), ஜான் பனியன் கற்பனையா எழுதின மோட்சப் பயணக் கதையைத் தழுவினதுதான். கதை பாவம்னா இவங்களை எந்தக் கணக்குல எழுதறது?

சினிமாவும் அப்படித்தான். 2006-ல 'தி டா வின்சி கோட்' படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. எல்லாப் படமும் நல்லதுன்னு நான் சொல்லல. ஆனா ஒரு படத்துக்கே உடையற விசுவாசம்னா, கோளாறு படத்துல மட்டும் இல்லீங்க.

நேத்து ராத்திரி அம்மாகிட்ட கேட்டேன்: "கெட்ட குமாரனோட பேர் என்னம்மா?"

"அது இயேசு சொன்ன உவமைடா."

"உவமைன்னா கதைதானே?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அந்த நாவல்ல என்னதான் இருக்கு, சொல்லு"ன்னாங்க.

சொல்ல ஆரம்பிச்சிருக்கேன்.