வண்டு மரத்தில், வம்சம் எருக்குழியில்

"காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுத்துக்கொண்டே இருக்கிறோம். மறுபடியும் வருகிறது. எங்கிருந்துதான் வருகிறது?" என்று பரமத்தி வேலூர் பக்கத்து வாசகர் கேட்டிருந்தார். நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

நாமக்கல்லைத் தாண்டினால் வழியெல்லாம் கோழிப் பண்ணைகள், மரவள்ளிக் காடுகள். ராஜா வாய்க்கால் பாசனத்துக்குள் நுழைந்ததும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் தென்னையுமாகப் பச்சை கட்டிவிடும்.

தோப்பில் விரிந்த மட்டைகளில் கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டுகள். ஒரு கன்றில் நடுக்குருத்தே அறுந்து கருகியிருந்தது. "நாலு வருசம் குடத்துல தண்ணி ஊத்தி வளத்ததுங்க சார்" என்றார் தோப்புக்கார அம்மா.

"எருக்குழி எங்கேம்மா?" என்று கேட்டேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. ஒரு வருடமாகக் கிளறாத சாணக் குப்பை. மண்வெட்டியால் வெட்டியதும் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் வளைந்து சுருண்டு கிடந்தன. "இது எருவை மக்க வெக்கிற புழுன்னு விட்டுட்டமுங்க!" என்றார் அம்மா.

வாசகரின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருந்தது. வண்டு தின்பது மரத்தில். முட்டையிடுவது மக்கும் எருவிலும் அழுகிய தென்னந்தடியிலும். ஒரு பெண் வண்டு 140 முதல் 150 முட்டை வரை இடும். 8 முதல் 18 நாளில் முட்டை பொரியும். புழுப்பருவம் 99 முதல் 182 நாள். பிறகு கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவந்து இரவில் குருத்தைத் தேடிப் பறக்கும். அது துளைத்த காயத்தில் சிவப்புக் கூன்வண்டும் வந்து முட்டையிடும்.

புழுப்பருவம் மூன்று மாதத்துக்கு மேல் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எருவைக் கிளறினால் வண்டாகும் முன்பே பிடித்துவிடலாம். பொறுக்கிய புழுக்களைக் கோழிக்குப் போடுங்கள். 250 மில்லி பச்சை மஸ்கார்டைன் பூஞ்சணக் கரைசலை 750 மில்லி தண்ணீரில் கலந்து எருக்குழியில் தெளித்தால் மிச்சப் புழுக்கள் நோய்ப்பட்டுச் சாகும். மரத்துக்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து 150 கிராம் எடுத்து, உள்ளடுக்கின் மூன்று மட்டை இடுக்குகளில் வையுங்கள்.

இந்த வண்டு 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு கடல் கடந்து சமோவா தீவுகளுக்கே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பக்கத்துத் தோட்டத்து வேலி எம்மாத்திரம்!

திரும்பும்போது வாய்க்கால் கரையில் அடுத்த தோட்டத்துக்காரரின் பட்டுப்போன தென்னந்தடி கிடந்தது. உதைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே அதே புழுக்கள். "நாங்க மட்டும் கிளறுனாப் போதுங்களா சார்?" என்று அம்மா கேட்டார்.

"போதாதும்மா" என்றுதான் சொல்ல முடிந்தது. அன்று மாலையே அடுத்த தோட்டத்துக்காரரிடம் பேசினோம். தடியைப் பிளந்து எரிக்கச் சம்மதித்தார். உங்கள் ஊரிலும் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு ஒரு நாள் குறித்து, எல்லோருமாக எருக்குழியைக் கிளறுங்கள்.