சொல்லாத சொல்

அறிமுகமில்லாத ஆங்கிலேயர் இருவர் புகைவண்டி நிலையம் ஒன்றில் அருகருகே நிற்க நேர்ந்தால், முதலில் வானிலையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்பர். நாம் கண்ட அளவில் இது பாதி உண்மையே. வண்டி தாமதமாக வரும் என்ற அறிவிப்பு ஒலித்தவுடன் வானிலை மறக்கப்படும். புகைவண்டி பேச்சுக்குள் நுழையும். அதன் பின்னால் அமைச்சர் வருவார். அமைச்சரின் பின்னால் செய்தித்தாள் வரும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் கேலி செய்வார்கள். சினத்தால் வெடிக்க வேண்டிய கூட்டம் சிரித்துக் கலைந்துவிடும். இதனை அம்மக்களின் நற்பண்புகளுள் ஒன்றாகவே நாம் மதிக்கிறோம்.

தென் இலண்டனில் உள்ள ஒரு பங்கில், விடுப்பில் சென்ற பங்குக் குருவுக்குப் பதிலாகக் கோடைக் காலத்தில் சில வாரங்கள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மக்கள் மண்டபத்தில் கூடித் தேநீர் அருந்துவார்கள். அயர்லாந்துக் குடும்பங்கள், கானா நாட்டுக் குடும்பங்கள், கேரளத்தார், யாழ்ப்பாணத்தார் எனப் பலரும் கலந்த கூட்டம் அது. அங்கே ஒரு சொற்றொடர் அடிக்கடி நம் காதில் விழுந்தது. சர்க்கரை தீர்ந்துவிட்டால், “தவறான வகைச் சர்க்கரையோ?” என்பார் ஒருவர். பேருந்து வராவிட்டால், “தவறான வகை மழை பெய்திருக்கும்” என்பார் மற்றொருவர். உடனே அனைவரும் நகைப்பர். இதன் மூலம் என்ன என்று வினவினோம். அறிந்ததை இங்கே எழுதுகிறோம். ஏனெனில் நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

1991ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தென் இங்கிலாந்தில் கடுங்குளிர் நிலவியது. வெண்பனி மிகுதியாகக் கொட்டியது. பனியை எதிர்கொள்ள ஆயத்தமாக இருப்பதாக முன்கூட்டியே கூறியிருந்த பிரிட்டிஷ் ரயில் நிறுவனத்தின் வண்டிகள் ஆங்காங்கே நின்றுவிட்டன. அந்நிறுவனத்தின் இயக்க அதிகாரி டெரி வொரல் என்பவரை பி.பி.சி. வானொலியில் பேட்டி கண்டனர். இந்தப் பனியின் வகையால் தங்களுக்குத் தனிப்பட்ட இடர்ப்பாடு நேர்ந்துள்ளது என்று அவர் விளக்கினார். “ஓ, அது தவறான வகைப் பனியோ!” என்று பேட்டி கண்டவர் வேடிக்கையாகக் கேட்டார். “இல்லை, அது வேறு வகைப் பனி” என்று வொரல் திருத்தினார். ஆனால் இலண்டனின் மாலை நாளேடு ஒன்று, தவறான வகைப் பனியின் மேல் ரயில் நிறுவனம் பழி சுமத்துகிறது என்று தலைப்பிட்டது. அன்று தொடங்கிய சிரிப்பு இன்றும் ஓயவில்லை. உதவாத சாக்குப்போக்குக்கெல்லாம் ஆங்கிலத்தில் அதுவே பெயராகிவிட்டது.

அவர் கூறிய விளக்கமோ உண்மையானது. அந்நாட்டில் வழக்கமாகப் பெய்வது ஈரமும் கனமும் கொண்ட பனி. அந்த ஆண்டு பெய்தது மாவைப் போன்ற உலர்ந்த நுண்துகள். மின்வண்டியின் இயந்திரம் சூடேறாமல் இருக்க வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அக்காற்றோடு துகள் பனியும் உள்ளே புகுந்தது. உள்ளே உருகி நீராயிற்று. மின்கசிவினால் இயந்திரங்கள் பழுதடைந்தன. இதற்கு முன்னேற்பாடு செய்திருக்க வேண்டாவா என்று பயணிகள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. சிரிப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்த மண்டபத்தில் எழுபது வயதைக் கடந்த அயர்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். அந்நாளில் இருப்புப்பாதைத் தொழிலாளியாக இருந்தவர். தண்டவாளங்கள் பிரியும் இடங்களில் இறுகிக் கிடந்த பனியை இரவெல்லாம் மண்வாரியால் அகற்றிவிட்டு, விடியலில் வேலை உடையுடனே வீடு திரும்புவாராம். “இன்று பெய்தது சரியான வகையா, தவறான வகையா?” என்று வழியில் கேட்பார்களாம். அவரும் சிரிப்பாராம். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த மகன், “அப்பா, உங்கள் ஆட்கள் பொய் சொன்னார்களா?” என்று கேட்டானாம். “அன்று மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, சாமி” என்றார் அவர். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அந்தச் சொல்லை எங்கள் ஆட்களில் சொன்னவர் ஒருவருமில்லை. கேட்டதாகச் சொல்பவர்கள் மட்டும் நாடு முழுவதும் இருக்கிறார்கள்.”

இது தனித்ததொரு நிகழ்ச்சியன்று. 1979ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டனில் சரக்குந்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பண்டங்கள் நகரவில்லை, மக்கள் அல்லலுற்றனர். அவ்வேளையில் பிரதமர் ஜேம்ஸ் காலகன், குவாடலூப் தீவில் நடந்த உச்சி மாநாட்டை முடித்துக்கொண்டு நாடு திரும்பினார். நாட்டில் குழப்பம் பெருகுகிறதே என்று செய்தியாளர் கேட்டபோது, உலகில் மற்றவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள் என்ற பொருள்பட விடையிறுத்தார். மறுநாள் சன் நாளேடு, “நெருக்கடியா? என்ன நெருக்கடி?” என்று தலைப்பிட்டது. அச்சொற்களை அவர் கூறவில்லை. ஆயினும் அவருடைய பெயரோடு நிலைத்தவை அவையே. மார்ச் 28ஆம் நாள் நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அவருடைய அரசு வீழ்ந்தது. மே மாதத் தேர்தலிலும் தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல இருந்தன. ஆனால் அவருக்கு எதிராக இன்றுவரை காட்டப்படும் சான்றோ அவர் சொல்லாத சொல்.

அவரை வென்று பிரதமரான மார்கரெட் தாட்சரும் இதற்குத் தப்பவில்லை. இருபத்தாறு வயதுக்கு மேலும் பேருந்தில் பயணம் செய்பவன் தன்னைத் தோல்வியடைந்தவனாகவே எண்ணிக்கொள்ளலாம் என்று அவர் கூறியதாக ஒரு செய்தி உலவுகிறது. பேருந்துக் கட்டணம் உயரும்போதெல்லாம் யாரேனும் அதை நினைவூட்டுவார்கள். ஆனால் அவர் எங்கேனும் அவ்வாறு பேசியதற்குப் பதிவு இல்லை. செல்வச் சீமாட்டி ஒருவர் அதைச் சொல்லி வந்ததாகவே கூறுவர். வலப்பக்கத்தார், இடப்பக்கத்தார் என்ற வேறுபாடு பொய்ச்சொல்லுக்கு இல்லை என்பது இதனால் விளங்கும்.

“சொற்கள் அவருடையவை அல்ல என்றாலும் கருத்து அவருடையதுதானே?” என்று சிலர் வாதிடுவர். ஒருவருடைய கருத்து இன்னது என்று நாம் ஊகித்து உரைக்கலாம். அது நம் தீர்ப்பு, அதற்கு நாமே பொறுப்பு. ஆனால், “அவர் இப்படிச் சொன்னார்” என்று கூறும்போது நாம் நீதிபதியின் இருக்கையை விட்டிறங்கிச் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறோம். சாட்சிக்குரிய கடமை ஒன்றே: கேட்டதைச் சொல்வது, கேளாததைச் சொல்லாதிருப்பது.

இதன் இறுதி எல்லை எதுவென்பதை அதே இலண்டன் நகரம் நமக்குக் காட்டியிருக்கிறது. புனித தாமஸ் மூர் நகைச்சுவையில் வல்லவர். நாட்டின் தலைமை நீதிப் பொறுப்பை வகித்தவர். மன்னர் எட்டாம் ஹென்றியின் வாரிசுரிமைச் சட்டத்துக்குரிய ஆணையை ஏற்க மறுத்துக் கோபுரச் சிறையில் அடைபட்டார். திருச்சபையின் தலைமை மன்னருக்கு உரியதா என்பதில் தம் கருத்தை வெளியிடாமல் மௌனம் காத்தார். மௌனத்தைக் கொண்டு அவரைத் தண்டிப்பது எளிதாயில்லை. 1535ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரிச்சர்ட் ரிச் என்ற அரசு வழக்குரைஞர், அவருடைய நூல்களை எடுத்துச் செல்லும் பணியாளருடன் சிறைக்கு வந்தார். சட்டம் பயின்ற இருவர் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்வது போல, “இப்படி ஒரு சட்டம் வந்தால்?”, “அப்படி ஒரு சட்டம் வந்தால்?” என்று பேச்சு நடந்தது. வழக்கு மன்றத்தில் ரிச் ஏறி, மன்னரின் தலைமையை மூர் வாய்விட்டு மறுத்தார் என்று ஆணையிட்டுக் கூறினார். மூர் அதனை மறுத்தார். உடனிருந்த இருவரும், தாங்கள் நூல்களைக் கட்டிக்கொண்டிருந்தமையால் பேச்சைக் கவனிக்கவில்லை என்றனர். ஜூலை 6ஆம் நாள் மூரின் தலை வெட்டுண்டது. தூக்குமேடை போன்ற அம்மேடையில் ஏறும்போதும் காவல் அதிகாரியிடம் அவர் வேடிக்கையாகப் பேசினார் என்பது வரலாறு. அவருடைய வேடிக்கை எவரையும் புண்படுத்தவில்லை. சொல்லாத சொல்லோ அவருடைய உயிரைக் குடித்தது.

ஆகவே சிரிப்பு பாவமா? இல்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் இதனை அழகாகப் பகுத்துக் காட்டுகிறார். அளவறிந்த விளையாட்டுப் பேச்சை அவர் நற்பண்புகளில் சேர்க்கிறார். சிரிப்பே அறியாத கடுமையைக் குறையென்கிறார். ஆனால் மற்றொருவரை நாணச் செய்யும் ஏளனத்தைத் தனியே பிரித்துப் பாவங்களின் வரிசையில் வைக்கிறார். ஒருவருடைய நற்பெயரைப் பறித்தவன், பிறர் பொருளைப் பறித்தவனைப் போலவே, இயன்றவரை அதை ஈடுசெய்யவும் கடமைப்பட்டவன் என்கிறார். எட்டாம் கட்டளை நீதிமன்றத்தில் ஏறுபவர்களுக்கு மட்டும் அருளப்பட்டதன்று. தேநீர் மேசைக்கும் அது பொருந்தும்.

நம் வீடுகளுக்கு வருவோம். அமைச்சரைப் பற்றியும் பேருந்து நடத்துநரைப் பற்றியும் நாமும் பேசுகிறோம், சிரிக்கிறோம். கைப்பேசியில் ஒரு தலைவரின் படமும் அதன் கீழே ஒரு வாசகமும் வருகின்றன. நகைப்புக்கு ஏற்றதாக இருந்தால் ஒரு நொடியில் இருபது வீடுகளுக்கு அனுப்பிவிடுகிறோம். பங்குப் பேரவையில் இன்னார் இப்படிச் சொன்னார் என்பதும், சம்பந்தி வீட்டார் இப்படிச் சொன்னார்களாம் என்பதும் இதே வழியில்தான் பயணம் செய்கின்றன. அந்த “ஆம்” என்ற சிறு விகுதி எத்தனை உறவுகளை முறித்திருக்கிறது என்பதைக் குடும்பங்களைச் சந்திக்கும் குருக்கள் நன்கறிவர்.

பெற்றோர்க்கு ஓர் எளிய பழக்கத்தைப் பரிந்துரைக்கிறோம். “அவர் இப்படிச் சொன்னார்” என்று பிள்ளைகள் கூறும்போது, “நீ கேட்டாயா?” என்று கனிவாகக் கேளுங்கள். கடிய வேண்டாம், கேட்டாலே போதும். பெரியவர்கள் கூறும்போது பிள்ளைகளும் அவ்வாறே கேட்க இடங்கொடுங்கள். கேட்கவில்லை என்றால், அச்சொல் நம் வாசலோடு நிற்கட்டும்.

1991இல் பழி சுமந்த அந்த ரயில் நிறுவனம் 1990களிலேயே பல கூறுகளாகித் தனியாரிடம் போயிற்று. பயணிகள் வண்டிச் சேவைகள் சில மீண்டும் அரசின் கைக்கு வந்துள்ளன. உடைமையாளர் மாறினர்; வண்டிகள் மாறின; அந்தப் பனியும் அன்றே உருகி ஓடிற்று. வொரல் சொல்லாத அந்தச் சொல் மட்டும் உருகாமல் கிடக்கிறது.