ஒரு துபாஷியின் சி.ஆர்.

நம் ஊரில் ரங்கப்பிள்ளை வீதியைத் தெரியாதவர் இருக்க முடியாது. பெரிய மார்க்கெட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகிற எல்லோரும் அதில் நடந்தவர்கள்தான். ஆனால் அந்த வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப்பிள்ளை எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டால், "டைரி எழுதினவர், துபாஷி" என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்கள் பாடங்களில் துய்ப்ளெக்ஸ் பெரிய வீரர். தமிழ்ப் புத்தகங்களில் அவரை டூப்ளே என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சில் அந்தக் கடைசி எழுத்தும் ஒலிக்கும். எங்கள் முசியே அதை அழுத்தி உச்சரிக்காதவனைப் பெஞ்சு மேல் ஏற்றுவார். அந்த கவர்னருக்குப் பக்கத்திலேயே நின்று, இந்த ஊர் வியாபாரிகளையும் நவாபுகளையும் அவருக்குப் புரியவைத்த தமிழரைப் பற்றி அந்தப் பாடங்களில் ஒரு வரியும் இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் பிள்ளையின் நாட்குறிப்பை நிதானமாகப் படித்தேன். படிக்கப் படிக்க, இவரை எனக்கு ஏற்கெனவே தெரியுமே என்று தோன்றியது. இவர் மாதிரி எத்தனை பேரோடு ஒரே அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்!

ஒரு மனிதனைப் பதவிக்கு முன்னும், பதவியிலும், பதவி போன பிறகும் பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும் என்பது என் அனுபவம். ஆபீசில் இந்த மூன்றையும் ஒருவரிடமே பார்க்க வாய்ப்பது அபூர்வம். நடுவில் யாருக்காவது மாற்றல் வந்துவிடும். ரங்கப்பிள்ளை விஷயத்தில் மூன்றும் எழுத்தில் இருக்கின்றன.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். அந்தக் காலத்துத் தலைமைத் துபாஷியின் வேலை மொழிபெயர்ப்போடு முடிந்ததில்லை. கம்பெனிக்குத் துணி நெய்து தரும் வியாபாரிகளோடு ஒப்பந்தம் பேசுவது, முன்பணம் கொடுத்துச் சரக்கு வாங்குவது, ஊர்ச் சண்டைகளைத் தீர்ப்பது, நவாபுகளுக்கும் பாளையக்காரர்களுக்கும் போகும் வரும் கடிதங்களைப் பார்ப்பது, எல்லாமே அவர் கையில். கவர்னருக்குக் காதும் அவர், வாயும் அவர். அதனால்தான் அந்த நாற்காலிக்கு அவ்வளவு போட்டி.

அந்த நாற்காலி எவ்வளவு சூடு என்பது பிள்ளையின் குடும்பத்துக்குத் தெரியும். அவருக்கு மாமா முறையான நைனியப்பிள்ளை தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1716ல் கவர்னர் ஏபேர் காலத்தில் கைது செய்யப்பட்டு, கசையடி தண்டனை பெற்று, மறு வருடம் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன் குருவப்பிள்ளை பாரீசு வரை போய் நியாயம் கேட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி, தலைமைத் துபாஷி ஆனார். 1724ல் அவரும் இறந்தார். பிறகு ஏறத்தாழ இருபது வருடம் கனகராய முதலியார் அந்தப் பதவியில் இருந்தார். சென்னைப் பெரம்பூரில் 1709ல் பிறந்து சிறுவயதில் இங்கே வந்த ஆனந்தரங்கர் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர். பார்த்தும் அந்தப் பதவியை விரும்பினார். இதுதான் ஆசையின் சுபாவம். முன்னால் போனவன் விழுந்த குழி கண்ணுக்குத் தெரியும். நாம் தாண்டிவிடுவோம் என்றும் தோன்றும்.

1736 செப்டம்பரில் நாட்குறிப்பைத் தொடங்கும்போது அவருக்கு 27 வயது. முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தார். நடுவில் பத்து வருடம் பிள்ளை சும்மா இல்லை. வியாபாரம் செய்தார், சொந்தக் கப்பல் வைத்திருந்தார், கவர்னர் வீட்டுக்குத் தவறாமல் போனார், கேட்டதையும் கண்டதையும் எழுதினார். முதலியார் இறந்த பிறகு அவருடைய தம்பி உட்படப் பலர் பதவிக்கு முயன்றார்கள். யார் யாரைப் பிடித்தார்கள், கவர்னர் மனைவியிடம் என்ன சொன்னார்கள், எவ்வளவு பணம் பேசப்பட்டது, எல்லாம் டைரியில் இருக்கிறது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சூப்பரின்டெண்டென்ட் பதவி ஒன்று காலியானால் எங்கள் செக்ஷனில் நடந்ததும் இதுதான். "எனக்கென்னப்பா ஆசை, கொடுத்தால் பார்ப்போம்" என்கிறவர்தான் சீனியாரிட்டி லிஸ்ட்டைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவார்.

பதவி பிள்ளைக்கே வந்தது. ஆசைப்பட்டதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு வேலை தெரியும். சரக்கு விலை, கப்பல் வந்த நேரம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் கடிதத்துக்கு என்ன பதில், எதையும் விடாமல் குறித்திருக்கிறார். ஆசை இருந்து வேலை தெரியாதவர்தான் ஆபத்தானவர். அவர் மற்றவர் முதுகில் ஏறித்தான் மேலே போக வேண்டியிருக்கும்.

இனி விசுவாசம். துய்ப்ளெக்ஸ் முன்னால் பிள்ளை பேசும் பேச்சைப் படித்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். கவர்னரின் அதிர்ஷ்டத்தையும் ஜாதகத்தையும் புகழ்ந்து தள்ளுவார். இரவு வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தால், அதே கவர்னர் மனைவி சொல்லைக் கேட்டு ஊரைக் கெடுக்கிறார் என்று பொருமுவார். மதாம் துய்ப்ளெக்ஸ் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவருக்குத் தமிழ் தெரியும். அவர் மேல் பிள்ளைக்கு இருந்த கசப்புக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்குப் படுவது, துபாஷியின் பலமே எசமானனுக்குத் தமிழ் தெரியாததுதான். எசமானன் வீட்டிலேயே தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்துவிட்டால், அந்தப் பலத்தில் பாதி போய்விடுகிறது.

இது எனக்கு விளங்குவதற்குக் காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆபீசில் பழைய கோப்புகள் பிரெஞ்சில், புதியவை இங்கிலீஷில். மனு கொண்டுவருகிறவர் பேசுவது தமிழ். பிரெஞ்சு படித்த நாங்கள் நாலைந்து பேர் சின்னச் சின்ன துபாஷிகள்தான். ஒரு பழைய பத்திரத்தில் ஒரே ஒரு சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது என்பதில் ஒரு குடும்பத்தின் மனைக்கட்டு போகும், அல்லது நிற்கும். அப்படி ஒரு சமயம், மேலதிகாரி ஒருவர் ஒரு வரியை "கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று எங்களுக்கு மூத்த குமாஸ்தாவிடம் சொன்னார். அவர் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க ஐயா" என்றார். உள்ளதை உள்ளபடியே டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைத்துவிட்டார். அந்த வருடம் அவருடைய சி.ஆர். கெட்டது, அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் மேலே போனார். அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு நாளும் புலம்பியதில்லை. விசுவாசம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவர்தான் என் நினைவுக்கு வருவார். அவருடைய விசுவாசம் அந்தக் காகிதத்துக்கு, அதில் பெயர் எழுதியிருந்த குடும்பத்துக்கு. நாற்காலியில் இருந்தவருக்குக் கொடுத்தது மரியாதை மட்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால், பிள்ளையின் வாழ்க்கையில் நெருடுகிற இடம் 1748 செப்டம்பர். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பொஸ்காவென் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். சம்பா கோயிலை ஒட்டி இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அதை அகற்ற வேண்டும் என்று சேசு சபைக் குருமார்கள் பல காலமாகக் கேட்டுவந்தது. முந்திய கவர்னர்கள் தயங்கியது. கிறிஸ்தவரான கனகராய முதலியார் துபாஷியாக இருந்த இருபது வருடமும் கோயில் நின்றது. இந்துவான ஆனந்தரங்கப்பிள்ளை துபாஷியாக இருந்தபோது விழுந்தது. பிள்ளை அதை நாள் தவறாமல், வேதனையோடும் கோபத்தோடும் எழுதியிருக்கிறார். ஆனால் பதவியை விடவில்லை.

விட்டிருக்க வேண்டுமா? நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். சிறையில் செத்த நைனியப்பிள்ளையை அவர் மறந்திருக்கமாட்டார். வெளியே பீரங்கி, உள்ளே பெரிய குடும்பம். விலகியிருந்தாலும் கோயில் பிழைத்திருக்காது. இதெல்லாம் உண்மை. ஆனாலும், அப்படி ஒரு நாளில் ஒருவர் கவர்னரிடம் முகத்துக்கு நேரே ஒரு சொல் அழுத்திச் சொல்லியிருந்தால், அந்த ஒரு சொல்லுக்காகவே இன்றைக்கு அவரை வேறு விதமாக நினைப்போம். திறமைக்கு நூற்றுக்கு நூறு போடுகிற நான், இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

பேராசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிள்ளை பக்கத்திலிருந்தே சாட்சி பார்த்தார். 1746ல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனேயும் துய்ப்ளெக்ஸும் ஒரே கம்பெனிக்கு, ஒரே ராஜாவுக்கு வேலை செய்தவர்கள். பிடித்த ஊரைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்பதில் இருவரும் எதிரிகளைவிட மோசமாக மோதிக்கொண்டார்கள். முன்னவர் பாரீசில் பஸ்தீய் சிறையில் கிடந்து, விடுதலையாகி, 1753ல் இறந்தார். பின்னவர் 1754ல் திருப்பி அழைக்கப்பட்டு, கம்பெனிக்காகச் செலவழித்த பணத்தைக் கேட்டு வழக்காடி, 1763ல் வறுமையில் இறந்தார். அதற்குப் பின் இங்கே வந்த லாலியை 1766ல் தலையை வெட்டினார்கள். விசுவாசத்துக்கு மேலிடத்தில் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆதாயம் வருகிறவரை தட்டிக்கொடுப்பார்கள். நஷ்டம் வந்தால் கோப்பைத் தூசி தட்டி எடுப்பார்கள்.

பிள்ளைக்கும் அந்த நாள் வந்தது. முசாபர் சங்கிடம் 3000 குதிரைக்கு மன்சப் பட்டம் பெற்றவர். கொடி, முரசு, பல்லக்கு எல்லாம் பார்த்தவர். துய்ப்ளெக்ஸ் காலத்தின் கடைசியிலேயே அவரை ஓரங்கட்டி, பாப்பையப்பிள்ளை என்பவருக்குச் செல்வாக்கு கூடியது. 1756ல் பதவியே போயிற்று. உடம்பும் கெட்டது. முன்பு வாசலில் காத்துக்கிடந்தவர்கள் பிறகு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதை, ரிடையரான எந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ஆனால் மூன்றாவது கட்டத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. பதவி போன பிறகும் எழுதினார். ஊர் முற்றுகையில் சிக்கி, அரிசிக்கும் திண்டாட்டம் வந்தபோதும் எழுதினார். 1761 ஜனவரியில், பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுகிற சமயத்தில் இறந்துபோனார். கோட்டையும் பெரிய மாளிகைகளும் தரைமட்டமான ஊரில் அவருடைய காகிதங்கள் தப்பின. வீட்டார் அவருக்குப் பின்னும் தொடர்ந்து எழுதினார்கள். 1846ல் கல்லுவா மோம்பிரான் என்பவர் அந்தக் குறிப்புகளைக் கண்டெடுத்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. 1904 முதல் 1928 வரை சென்னையில் 12 தொகுதிகளாக இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் முகஸ்துதி செய்ததும், பொறாமைப்பட்டதும், கோயில் விழுந்தபோது பதவியில் ஒட்டிக்கொண்டிருந்ததும் நமக்கு எப்படித் தெரிந்தன? எதிரிகள் எழுதிவைக்கவில்லை. அவரே எழுதினார். கிழித்துப்போட இருபத்தைந்து வருடம் அவகாசம் இருந்தும் கிழிக்கவில்லை. நம் சி.ஆரை மேலதிகாரி எழுதினார். அதில் என்ன எழுதியிருந்தது என்பது நம்மில் பலருக்கு இன்று வரை தெரியாது. ரங்கப்பிள்ளை தம்முடைய சி.ஆரைத் தாமே எழுதி, பாதகமான குறிப்புகளையும் அடிக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.