ஒரு டொலர் வங்கியும் ஐயாயிரம் இசைத்தட்டுகளும்

இசைத்தட்டுக் கேட்கும் அறையையே ஒரு கலைப்படைப்பாகக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் இப்போது பெருகிவருகிறது. 2024இல் சான் பிரான்சிஸ்கோ நவீனகலை அருங்காட்சியகத்தில் டெவன் டேர்ன்புல் என்பவர், தாமே வடிவமைத்த பெரிய ஒலிபெருக்கிகளோடு அத்தகைய அறை ஒன்றை நிறுவியிருந்தார். சுவரில் தொங்கும் ஓவியத்தின் முன் அரை நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே அது நடவாது. நீளத்தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிய ஏறக்குறைய இருபது நிமிடங்களாகும். அது முடிந்ததும் ஒருவர் எழுந்துசென்று புரட்டிப் போடவேண்டும். எதைப் போடுவது என்பதும் நம் கையில் இல்லை. முன்பின் அறியாதவர்களோடு ஓரிடத்தில் அமர்ந்து, இன்னொருவர் தேர்ந்தெடுத்ததைக் கேட்கவேண்டும்.

ஜப்பானியருக்கு இது புதினமன்று. டோக்கியோவின் ஷிபுயா பகுதியிலுள்ள 'லயன்' என்னும் கோப்பிக்கடை 1926இல் தொடங்கப்பட்டது. 1945இன் குண்டுவீச்சில் எரிந்து, 1950இல் மீண்டும் எழுந்தது. மேற்கத்தியச் செவ்வியல் இசைத்தட்டுகளைக் கேட்பதற்கென்றே அங்கே வருகிறார்கள். உரத்துப் பேசுதல் ஆகாது. அங்கே யாரும் அதைக் கலை நிறுவல் என்று அழைப்பதில்லை.

ஆனால் என் மனத்தைத் தொட்டது சிக்காகோவிலுள்ள ஓரிடந்தான். உறவினரைப் பார்க்கப் போயிருந்தபோது, நகரின் தென்பகுதியில் உள்ள ஸ்டோனி ஐலண்ட் கலை வங்கியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1923இல் கட்டப்பட்ட உண்மையான வங்கிக் கட்டடம் அது. கறுப்பின மக்கள் செறிந்து வாழும் அப்பகுதியில் 1980களிலிருந்து பாழடைந்து, இடித்துத் தள்ளப்படவிருந்தது. தியஸ்டர் கேட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் அதனை மாநகராட்சியிடமிருந்து ஒரு டொலருக்கு வாங்கினார். திருத்துவதற்குப் பணம்? பழைய கழிப்பறைத் தடுப்புகளாக இருந்த சலவைக்கற்களைச் சிறு பலகைகளாக வெட்டி, 'வங்கிப் பத்திரம்' என்று பெயரிட்டு, 2013இல் சுவிற்சர்லாந்தின் பாசல் கலைச்சந்தையில் ஒவ்வொன்றும் ஐயாயிரம் டொலருக்கு விற்றார். கழிப்பறைக் கல்லை வாங்கிய சீமான்களை நினைக்கச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் அந்தச் சாமர்த்தியத்துக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

கட்டடம் 2015இல் திறக்கப்பட்டது. கூரையின் உதிர்ந்த பூச்சைக்கூட முழுவதும் மறைக்காமல் ஆங்காங்கே விட்டிருக்கிறார்கள். அங்கேதான் பிராங்கி நக்கில்ஸ் சேர்த்துவைத்த ஏறத்தாழ ஐயாயிரம் இசைத்தட்டுகள் இருக்கின்றன. 1977இலிருந்து 'வெயர்ஹவுஸ்' என்னும் சிக்காகோ நடனக்கூடத்தில் இசைத்தட்டுச் சுழற்றியவர் அவர். வேறெங்கும் வரவேற்பில்லாத கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்களும் ஒருபாலுறவாளரும் அங்கே கூடினார்கள். அக்கூடத்தின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' இசைக்குப் பெயர் வந்தது என்பர். 2014இல் அவர் மறைந்தார். தட்டுகள் ஏலத்துக்குப் போய் உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்களின் அலமாரிகளுக்குள் சிதறியிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. அவ்விசை பிறந்த ஊரிலேயே அவை பொதுச்சொத்தாக நிற்கின்றன.

அங்கே நிற்கும்போது எனக்கு என் சித்தப்பாவின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளுக்கும் கோவில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர் அவர். இராசரத்தினம்பிள்ளையின் தோடி நாதஸ்வர இசைத்தட்டை எங்கள் ஊர் முழுவதும் அவருடைய குழாய் ஒலிபெருக்கியில்தான் கேட்டது. சிறுவர்களாகிய நாங்கள் தட்டைத் தொடக்கூடாது. விளிம்பைப் பிடிக்கும் விதத்தைப் பார்க்க மாத்திரம் அனுமதி. ஒலிநாடா வந்து தொழில் மாறியபின்னும் மூன்று மரப்பெட்டிகளில் அவற்றை அடுக்கிவைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், சைக்கிளில் அரிசியும் சித்தியின் மருந்துகளும் ஏறின. பெட்டிகள் ஏறவில்லை. மறுவருடம் திரும்பிச் சென்றபோது வீட்டின் சுவர்கள் இருந்தன. அவ்வளவுதான்.

இசைத்தட்டு அறைகளைக் கலை என்று கொள்ளலாமா என விமர்சகர்கள் விவாதிக்கிறார்கள். ஒலியின் துல்லியத்தைப் பற்றிப் பக்கம்பக்கமாக எழுதுகிறார்கள். என்னுடைய வினா வேறு: யார் வைத்திருந்த தட்டு, இப்போது யார் கேட்கிறார்கள்? அழகிய ஒலிபெருக்கிகளை எந்த நகரத்திலும் நிறுவலாம். ஆனால் ஒரு தெருவின் நடனங்களையும் காதல்களையும் தாங்கிய தட்டுகளை, அதே தெருவின் பேரப்பிள்ளைகள் காசு கொடாமல் சென்று கேட்கக்கூடிய இடம் அரிது. கேட்ஸ் முன்பே, 2010இல் மூடப்பட்ட 'டொக்டர் வக்ஸ்' என்னும் இசைத்தட்டுக் கடையின் எஞ்சிய எண்ணாயிரம் தட்டுகளை வாங்கி, அயலில் பழைய இனிப்புக்கடை ஒன்றைக் கேட்கும் இல்லமாக்கியவர். கடை மூடப்பட்ட செய்தியை ஒரு பத்திரிகையாளன் நான்கு வரியில் எழுதி முடித்திருப்பான். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நாடு திரும்பியபின் சித்தப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவரைத் தேடிப் போனேன். திருப்பிக் கொடுக்க மறந்துபோன ஒரு தட்டு அவரிடம் இருந்தது. உறையில் சித்தப்பாவின் கையெழுத்தில் ஏழாம் இலக்கம். இப்போது அது என் மேசையில் இருக்கிறது. எழுபத்தெட்டுச் சுழற்சித் தட்டு. அதற்கேற்ற ஊசி கொழும்பில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.