ஹேசல் ஸ்காட்டும் அழுக்கு ஏப்ரனும்

கல்லூரி விழா என்றால் வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நிற்பது எங்கள் வேலை. முனைவர் பட்டம் வாங்கிய கையும் அந்தத் தட்டைத்தான் ஏந்தும். அதே விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வேண்டும், நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வேண்டும், முதல்வருக்கு உரை எழுதித்தர வேண்டும். “மேடத்துக்கு எல்லாம் வரும்” என்பார்கள். அதைப் பாராட்டு என்றே பல வருடங்கள் நம்பியிருந்தேன். எல்லாம் வரும் என்பதை எதையும் செய்வாள் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஹேசல் ஸ்காட்டைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது.

அவருக்கும் எல்லாம் வரும். 1920இல் டிரினிடாட்டில் பிறந்து, நான்கு வயதில் நியூயார்க் வந்தவர். அம்மா ஆல்மா பியானோ தெரிந்தவர். பிறகு சாக்ஸஃபோன் கற்று, பெண்களே வாசிக்கும் இசைக்குழு ஒன்றையும் நடத்தினார். எட்டு வயதில் ஜூலியர்ட் இசைப்பள்ளித் தேர்வில் ஹேசல் ரக்மானினாஃப் வாசித்தார். சின்னக் கை, அகலமான இடைவெளிகளுக்கு விரல் எட்டவில்லை. எட்டுகிற சுரங்களை வைத்துத் தானே மாற்றிக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பத்தொன்பது வயதில் ‘கஃபே சொசைட்டி’ என்ற இரவு விடுதியில் வாசிக்கத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடிய இடம் அது. பாக்கை முதலில் எழுதியபடியே வாசிப்பார். சற்று நேரத்தில் இடது கை பூகி-வூகி தாளத்துக்குத் தாவிவிடும். 1943இல் வந்த ‘தி ஹீட்ஸ் ஆன்’ படத்தில் இரண்டு பியானோக்களுக்கு நடுவில் உட்கார்ந்து கைக்கு ஒன்றாக வாசிக்கிறார்.

அந்தப் படத்தில்தான் சண்டையும் வந்தது. போருக்குப் போகும் ஆண்களைக் கறுப்பினப் பெண்கள் வழியனுப்பும் பாட்டு. அந்தப் பெண்களுக்கு அழுக்கு ஏப்ரன் கொடுக்கப்பட்டிருந்தது. காதலனை வழியனுப்ப எந்தப் பெண் அழுக்கு உடையில் வருவாள் என்று கேட்டு, மூன்று நாள் படப்பிடிப்புக்கே வரவில்லை ஹேசல். ஏப்ரன் போனது. கூடவே அவருடைய சினிமா வாழ்க்கையும். கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் ஹாரி கோன் சும்மா விடவில்லை. அதற்குப் பின் ஓரிரு படங்கள்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஏப்ரன் ஹேசலுக்குக் கொடுக்கப்பட்டதல்ல. வேலைக்காரி வேடம் ஏற்கமாட்டேன், என் பெயரிலேயே திரையில் வருவேன் என்று தனக்கானதையெல்லாம் அவர் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார். மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்தது உடன் ஆடிய பெண்களுக்காக.

கச்சேரி ஒப்பந்தத்திலும் ஒரு ஷரத்து உண்டு: நிறம் பிரித்து உட்காரவைத்த அரங்கில் வாசிக்கமாட்டேன். 1948இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் அப்படிப் பிரித்திருந்ததைப் பார்த்ததும் வாசிக்காமலே வெளியேறினார்.

ஆனால், 1945இல் நாடாளுமன்ற உறுப்பினரும் பாதிரியாருமான ஆடம் கிளேட்டன் பவலைத் திருமணம் செய்ததும் இரவு விடுதிகளில் வாசிப்பதை விட்டுவிட்டார். ஸ்டுடியோவிடம் எழுதி வாங்கத் தெரிந்தவருக்கும் வீட்டில் ஷரத்து போட முடியவில்லை போலும்.

1950இல் சொந்தப் பெயரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அது முதல்முறை. ஆனால், கம்யூனிஸ்ட் அனுதாபிகள் என்று கலைஞர்களைப் பட்டியலிட்ட ‘ரெட் சேனல்ஸ்’ வெளியீட்டில் அவர் பெயரும் இருந்தது. யாரும் கட்டாயப்படுத்தாமல் தானே விசாரணைக் குழுவின் முன் போய் மறுத்துப் பேசினார். ஒரு வாரத்தில் நிகழ்ச்சி நின்றது. பிறகு பாரிஸில் சில ஆண்டுகள். 1967இல் திரும்பியபோது அமெரிக்காவில் கேட்பவர்களின் காது வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1981இல் இறந்தார். இடையில் 1955இல் சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் இருவருடன் சேர்ந்து பதிவுசெய்த ‘ரிலாக்ஸ்ட் பியானோ மூட்ஸ்’ இருக்கிறது. வித்தை காட்டும் அவசரமே இல்லாத வாசிப்பு. விடைத்தாள் திருத்தும்போது கேட்கிறேன்.

இந்த ஆண்டு விழாவுக்கான பணிப்பட்டியல் வந்தது. வரவேற்புக்கு ஐந்து பெயர்கள், ஐந்தும் பெண்கள். என் பெயரை அடித்துப் பக்கத்தில் காரணத்தையும் எழுதிக் கொடுத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் திருத்திய பட்டியல் ஒட்டியிருந்தார்கள். என் இடத்தில் ஒரு கௌரவ விரிவுரையாளரின் பெயர். ஜூன் மாதம் அவருக்குப் பணி நீட்டிப்பு வர வேண்டும். “பரவாயில்லக்கா, நான் நின்னுக்கறேன்” என்றார்.

விழா வெள்ளிக்கிழமை.