செட்டைச் சூடு: சில குறிப்புகள்

அடைக்கோழி காற்றைச் சூடாக்குவதில்லை. மார்கழிக் காலையில் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டு நிற்கும், சுற்றிலும் பனி. குஞ்சுகள் அந்தக் குளிரிலேயே ஓடும், கொத்தும், ஒன்றையொன்று துரத்தும். விறைத்தால் ஓடிவந்து தாயின் செட்டைக்கடியில் நுழையும். முதுகு சூடேறியதும் மறுபடி வெளியே. கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டை முதுகில் தொட்டு வாங்கிக்கொள்ள ஓர் இடம், போகவர வழி: குஞ்சு கேட்பது இவ்வளவுதான். விளக்கைத் தொங்கவிடும் நாமோ குஞ்சோடு சேர்த்துத் தரை, உமி, தண்ணீர்க் குவளை, சாக்குப் படுதா எல்லாவற்றையும் காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

*

முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று மூன்றாகக் குறைத்து 21 வரை. எல்லாக் கையேடுகளிலும் இருக்கும் கணக்கு இது. கணக்கில் பிழையில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் மதுரைப் பக்கம் பகல் வெயிலே 38, 39 என்று நிற்கிறது. அப்போது விளக்குப் போட்டால் குஞ்சு வாடும். நமக்கு வேண்டியது இரவுக்கான சூடு, அடைமழைக்கான சூடு, மார்கழி தைக்கான சூடு. குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு 250 வாட் சிவப்பு விளக்குக்கு ஆர்டர் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இருபது குஞ்சுக்கு அது எதற்கு? நாள் முழுக்க எரிந்தால் 6 யூனிட். நம் ஊரில் வழக்கமாகச் சொல்லும் அளவு குஞ்சுக்கு 2 வாட். இருபது குஞ்சுக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு.

அந்தக் குண்டு பல்பும் இப்போது கிடைப்பது குறைந்துவிட்டது. கேட்டால் எல்இடி எடுத்து நீட்டுகிறார்கள். வெளிச்சம் ஜோராக இருக்கும். குஞ்சு அதன் கீழே நடுங்கிக்கொண்டிருக்கும்.

*

கீற்றுக் கொட்டகை. கீழே உமி அல்லது மரத்தூள், அதன்மேல் செய்தித்தாள். ஊதக்காற்றுக்குச் சுற்றிலும் சாக்கு. நடுவில் வயரிலேயே தொங்கும் பல்பு. தீப்பிடிப்பதற்கு இதைவிடத் தோதான இடத்தை யோசித்துக் கட்ட முடியாது. இரவில் சாக்கு ஒருமுறை காற்றில் சாய்ந்தால் போதும். பூனை குதிக்கலாம், கிளிப் நழுவலாம், தண்ணீர் தெறித்துச் சூடான கண்ணாடி வெடிக்கலாம். சிலர் அட்டைப்பெட்டிக்குப் பதில் தெர்மாக்கோல் பெட்டிக்குள் பல்பு வைக்கிறார்கள். சூடு தங்கும் என்பது உண்மை. பற்றினால் உருகிச் சொட்டி எரியும் என்பதும் உண்மை. போதாக்குறைக்குக் குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்னும்.

உடைந்து சிதறாமலிருக்க டெஃப்லான் பூசிய சூட்டு விளக்குகளும் விற்பனைக்கு உண்டு. கோழிக்கு அவை ஆகவே ஆகா. பூச்சு சூடேறும்போது கிளம்பும் ஆவி நம் மூக்குக்குத் தெரியாது. பறவையின் நுரையீரல் தாங்காது. காலையில் கதவைத் திறந்தால் எல்லாம் செத்துக் கிடக்கும், காரணமும் புரியாது.

*

1749இல் பாரிஸில் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ரெயோமூர், தன் பெயரில் ஒரு வெப்பமானி அளவையை விட்டுச்சென்ற பிரெஞ்சு விஞ்ஞானி. எகிப்தில் செங்கல் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்கிறார்கள் என்ற செய்தி அவரைப் பிடித்து ஆட்டியது. தம் பங்குக்குக் குதிரைச் சாணக் குவியலின் சூட்டில் முட்டை பொரித்துப் பார்த்தார். குஞ்சு வந்துவிட்டது, தாய் இல்லை. அதற்கு ஒரு பெட்டி செய்தார். கூரையை ஒரு பக்கம் தாழச் சரித்து, அதன் உட்புறத்தில் ஆட்டுத்தோலை ரோமம் கீழே பார்க்கும்படி பொருத்தினார். குஞ்சு தன் உயரத்துக்கு ஏற்ற இடம்வரை உள்ளே போய், முதுகை ரோமத்தில் அழுத்திக்கொண்டு படுக்கும். செயற்கைத் தாய் என்றே அதைக் குறிப்பிட்டார்.

இன்று விற்கும் சூட்டுத் தட்டில் மின்சாரம் மட்டும்தான் புதிது. இடையில் இரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நாம் எதற்காக விளக்கைப் பிடித்துத் தொங்கினோம் என்று தெரியவில்லை. மலிவு என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

*

சூட்டுத் தட்டு, கடைக்காரர் பேச்சில் ஹீட் பிளேட். நான்கு கால், மேலே பலகை போல ஒரு தட்டு, அதற்குள் சூடேறும் கம்பி. சிறியவை 15, 20 வாட்தான். பல தட்டுகள் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகின்றன. 20 வாட் தட்டு நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட். ஒரு சாண் சதுரத்தைவிடச் சற்றுப் பெரியது, ஓர் அடிக்கு ஓரடி இருந்தால் இருபது குஞ்சு வரை தாங்கும். அடிப்பக்கம் கை வைத்தால் பொறுக்கும் சூடு. உமியைப் பற்றவைக்கும் அளவுக்கு அது போவதில்லை. பாதுகாப்பு என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

வாங்கியவர்கள் முதல் நாளே திருப்பி அனுப்பப் பார்ப்பதும் உண்டு. தட்டுக்குப் பக்கத்தில் வெப்பமானியை வைத்து, 35 காட்டவில்லை என்பார்கள். காட்டாது. அது காற்றைச் சூடாக்கும் கருவியே அல்ல. குஞ்சின் முதுகு தட்டில் படுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். முன்கால்களைக் கொஞ்சம் உயர்த்தி, பின்கால்களைத் தாழ்த்தி வைத்தால் பெரியதும் சின்னதும் தத்தம் இடத்தைத் தேடிக்கொள்ளும். வாரத்துக்கொரு முறை உயரம் கூட்ட வேண்டும். முதல் நாள் மாலை ஒவ்வொன்றாகப் பிடித்து அடியில் விட வேண்டும். வெளிச்சம் இல்லாததால் தானாகத் தேடிப் போகத் தெரியாது. ஓர் இரவில் பழகிவிடும்.

வெளிச்சம் இல்லாதது குறையா? எனக்கு அதுதான் பெரிய லாபமாகப் படுகிறது. விளக்கின் கீழ் வளரும் குஞ்சுக்கு இரவு என்று ஒன்று இல்லை. தூங்குவதைக் கண்விழித்தது மிதிக்கும், கண்டதைக் கொத்தும். இருட்டான அடைப்பில் வளர்ந்த குஞ்சுகள் பின்னாளில் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்குவது குறைகிறது என்று பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அறைக்குள் 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்தத் தட்டு திணறும். ஊட்டியில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். சமவெளிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. எலி வயரைக் கடிக்கும் கவலை எல்லாருக்கும் உண்டு.

*

இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் எலக்ட்ரிக் பேடைக் கம்பி வளைவின்மேல் விரித்து, கீழே குஞ்சு விடும் யுக்தி ஒன்றும் உண்டு. யோசனை நல்லதுதான். ஆனால் பல பேடுகள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். மனிதன் தூங்கிப்போனால் சுடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நள்ளிரவில் குஞ்சு விறைத்த பிறகுதான் நமக்குத் தெரியும். ஈரமும் எச்சமும் படும் இடத்துக்காகச் செய்ததும் அல்ல.

*

கரண்ட் போனால்? ஒரு லிட்டர் பாட்டிலில் 60 டிகிரி வெந்நீர், மேலே பழைய துணி சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவில். அது 40 டிகிரிக்கு ஆறுவதற்குள் 20 வாட் தட்டு ஒரு மணி நேரம் கொடுக்கும் சூட்டைக் கொடுத்துவிடும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம். பெட்டியைவிட வட்டமான மூங்கில் கூடை நல்லது. பெட்டிக்கு மூலை உண்டு. பயந்தாலும் குளிர்ந்தாலும் குஞ்சுகள் மூலையில் குவிந்து, அடியில் இருப்பவை நசுங்கும். மேலே கம்பளித் துண்டு போடலாம், காற்றுப் போக இடம் விட்டு.

சட்டியில் கரி நெருப்பு வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், காவலுக்குப் படுத்தவரையும் கொல்லும்.

*

பக்கத்துத் தோட்டத்து அத்தைக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் சிரிப்பு.

“ஏன் மாப்ள, வீட்டுல அடைக்கோழி கெடக்கு. நீ கரண்டுக்குக் காசு கட்டிக்கிட்டிருக்க?”

“கடையில வாங்குன குஞ்சு, அத்தை. சேத்துக்குமா?”

“பகல்ல கொண்டுபோய் விட்டா கொத்தும். ராத்திரி, சத்தமில்லாம முட்டைய உருவிட்டு அடியில விடு. விடிஞ்சா அதுக்கு அதுதான் புள்ள.”

சொன்னதில் தவறில்லை. கூடுதலாகச் சில: கோழி இரண்டு வாரமாவது அடையில் உறுதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். குஞ்சு பொரித்து ஒன்றிரண்டு நாளுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் வயதானது இந்தத் தாயைத் தாய் என்று ஏற்காது. செட்டைக்கடியில் பேன் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். ஒரு நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளும். நூறு குஞ்சு வாங்குகிறவருக்கு இந்த வழி உதவாது. முட்டைக்கென்றே உருவாக்கிய பண்ணை இனங்கள் அடையில் உட்காரும் குணத்தையே பெரும்பாலும் இழந்துவிட்டன.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். கனத்த கோழி, நெருக்கமான பஞ்சாரம், முதல் நாள் குஞ்சு என்றால் சாகும். பழமொழியை நம்பி இடத்தைக் குறைக்காதீர்கள்.

*

பல்புதான் முடியும் என்றால்: பீங்கான் ஹோல்டர். பல்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. வயரில் தொங்கவிடாமல் சங்கிலி, அது அறுந்தால் பிடிக்க இன்னொரு கட்டு. சாக்கும் கீற்றும் எட்டாத தூரம். முடிந்தால் 100 வாட் ஒன்றுக்குப் பதில் 40 வாட் இரண்டு. ஒன்று போனாலும் குஞ்சு பிழைக்கும்.

*

எந்த ஏற்பாடானாலும் வெப்பமானியைவிடக் குஞ்சின் சத்தம் நம்பகமானது. கிறீச்சென்று விடாமல் கத்தினால் குளிர். வாய் பிளந்து, செட்டை விரித்து ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒண்டினால் எங்கிருந்தோ ஊதக்காற்று வருகிறது. பரவிப் படுத்து முணுமுணுத்தால் நாமும் போய்ப் படுக்கலாம்.

நாலைந்து வாரத்தில் முதுகில் இறகு மூடிவிடும். வெயில் காலத்தில் மூன்று வாரத்திலேயே இரவுச் சூடும் தேவைப்படாமல் போகலாம். அடியில் ஒன்றும் நுழையாமல், எல்லாம் தட்டின் மேலே ஏறி உட்கார்ந்து எச்சமிடத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கலாம்.